நந்தி நீரிலேயே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் மகளுடன் பண்ணவாடிக்குச் சென்றிருந்தேன். மேட்டூர் அணையில் நீர் வற்றியதால், மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி முழுதாக வெளியே தெரிந்தது. அதன் முதுகில் ஏறிப் பலர் படம் எடுத்துக்கொண்டது மனத்தை வருத்தியது. சிலையைக் கரையேற்றிப் பாதுகாக்கலாமே?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நந்தியைக் கரையேற்றக் கூடாது என்றே நினைக்கிறேன்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்காக மக்கள் ஊர்களை விட்டுப் பெயர்ந்தபோது, இந்தக் கோயிலும் ஒரு தேவாலயமும் நீருக்குள் போயின. முழு மட்டமான 120 அடியிலிருந்து நீர் இறங்க இறங்க முதலில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும்; இன்னும் வெகுவாக இறங்கிய பிறகே நந்தியின் தலை தெரியும். வடித்தவர் வறட்சியை நினைத்து அதை வடிக்கவில்லை. இருந்தும், நாளிதழில் அந்தப் படம் வந்த அன்றே, ஜூன் 12இல் அணை திறக்குமா, குறுவை உண்டா என்ற பேச்சு உங்கள் ஊரில் தொடங்கிவிடும். அடிக்கணக்கில் படிக்கும்போது பிடிபடாத பற்றாக்குறை, வெடித்துக் கிடக்கும் வண்டல் நடுவே அது கழுத்தும் திமிலுமாக அமர்ந்திருப்பதைக் காணும்போது நெஞ்சில் தைக்கிறது. கரையில் பீடம் கட்டி வைத்தால் அது ஆண்டு முழுவதும் தெரியும், எதையும் சொல்லாது.

செக் நாட்டின் டெச்சின் நகரில், எல்பே ஆற்றங்கரையில் ஒரு பாறை இருக்கிறது. ஆறு வற்றிய ஆண்டுகளை முன்னோர் அதில் செதுக்கினார்கள். படகுகளின் நங்கூரம் உரசி அழிந்தவை போக, இன்று படிக்க முடிகிற மிகப் பழைய ஆண்டு 1616. ‘என்னைக் கண்டால் அழு’ என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரியும் உண்டு. 1938இல் யாரோ செக் மொழியில் அதற்கு மறுமொழி பொறித்தார்கள்: ‘பெண்ணே, அழாதே, புலம்பாதே, வறண்டால் வயலுக்கு நீர் பாய்ச்சு.’ 2018 வறட்சியில் அந்தப் பாறை மீண்டும் வெளிப்பட்டபோது உலகமே அதைப் படித்தது. அதை எவரும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால், அந்த வரி ஒரு பழைய வாசகமாக மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நங்கூரம் அழித்ததைப் போலக் கால்களும் அழிக்கும் என்பதால், நந்தி வெளிப்படும் வாரங்களில் அதன் மேல் ஏறாதபடி காவல் போட வேண்டும். இதை நீங்கள் கேட்டால் நானும் உடன் கேட்பேன். அதோடு, பண்ணவாடிக் கரையில் ஒரு கல் நட்டு, நந்தி தெரிந்த ஆண்டுகளை வரிசையாகப் பொறிக்கலாம் என்பது என் ஆசை. அதுவரை, நீங்கள் சென்ற தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் மகளின் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.