மெசலசின் தொடங்கிய பிறகு வந்த இருமல்

அக்கா, உங்கள் கணவருக்குப் பெருங்குடல் அழற்சிக்காக மெசலசின் தொடங்கிக் கொஞ்ச நாளில் வறட்டு இருமலும் பின்னேரக் காய்ச்சலும் வந்ததாக எழுதியிருந்தீர்கள். உப்புவெளிக் கடற்கரையில் சும்மா நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

குடல் மருந்து நெஞ்சை என்ன செய்யும் என்று யாரோ சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். அரிதுதான், ஆனால் மெசலசினும் அதே வகையைச் சேர்ந்த சல்பாசலசினும் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம். பார்ப்பதற்கு நிமோனியா போலவே இருக்கும், அன்டிபயோட்டிக் கொடுத்தும் அடங்காது. நேரத்தோடு பிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்கு ஸ்டெராய்டு தேவைப்படும்.

அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், குடல் வருத்தம் திரும்பக் கிளம்பிவிடும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்து அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொன்றும் தொடங்கிய திகதியையும் இருமல் தொடங்கிய திகதியையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வைத்தியர் முதலில் தேடுவது அதைத்தான். இரத்தத்தில் ஈசினோபில் (ஒவ்வாமையில் கூடும் ஒருவகை வெள்ளையணு) கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சிடி ஸ்கேனில் தெரியலாம்.

அப்புறம், நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தும் எடுக்கிறாரா? அதுவும் நுரையீரலைத் தாக்கும். குடல் அழற்சிக்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி என்றால், அது மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பலாம், அதனால் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

இருந்த இடத்திலேயே மூச்சுத் திணறினாலோ உதடு நீலித்தாலோ விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.