கொடைக்கானலில் ஒத்திக்கு வீடு: டோக்கன் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். சென்னை வெயிலைத் தாங்க முடியாமல் கொடைக்கானலில் குடியேற நினைக்கிறோம். நாயுடுபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டைப் புரோக்கர் காட்டினார். மாத வாடகை கிடையாது, 8 லட்சம் ரூபாய் ஒத்தி, 11 மாத ஒப்பந்தம் என்கிறார். 11 மாதம்தான் என்பதால் பதிவு தேவையில்லையாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் தாமே கையெழுத்திடுவதாகவும், இந்த வாரத்துக்குள் 50,000 ரூபாய் டோக்கன் கொடுக்காவிட்டால் வீடு கைநழுவிவிடும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டோக்கன் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். அந்த வீடு நல்ல வீடாகவே இருக்கலாம், புரோக்கரும் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் அவர் உங்களிடம் சொன்ன மூன்று செய்திகளில் ஒன்றுகூடச் சட்டப்படி சரியில்லை. வாடகை வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், இந்த மூன்றும் ஒரே வாயிலிருந்து வரும்போது நான் அஞ்சுகிறேன்.

முதலில் 11 மாதக் கதையைப் பார்ப்போம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாத வாடகையாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் அதை, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இது சார்பதிவாளர் பதிவு அன்று, தனிப் பதிவு. வீட்டுக்காரர் செய்யாவிட்டால் குடியிருப்பவரே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், முத்திரைத்தாள் விற்பவர் முதல் ஒப்பந்தம் தட்டச்சு செய்பவர் வரை எல்லோரும் பழைய 11 மாத வாசகத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் இணையதளத்தைத் திறந்துவைத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. மலையூர்களில் குடியேறும் முதியவர்களுக்கு இப்படி ஒரு பதிவு உண்டு என்று சொல்ல ஒரு அறிவிப்புப் பலகைகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தகராறு முற்றி என் அலுவலகத்துக்கு வந்த பிறகே பலரும் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

இரண்டாவது, ஒத்தி. ஒத்தி என்பது வாடகை அன்று. நீங்கள் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறீர்கள், அதற்கு வட்டியாக அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள். வீட்டின் மீது அடமானமாக அந்தக் கடன் நிற்க வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். மாதக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் ‘ஒத்தி ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால், உங்கள் 8 லட்சம் வெறும் கைமாற்றுக் கடன்தான். வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித் தவணை தவறினால், வீடு ஏலத்துக்குப் போகும்போது வங்கியின் பாக்கி தீர்ந்த பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் உங்கள் பணத்தைப் பற்றிப் பேசவே முடியும். ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். அதைத் தேடச் சர்வே எண் வேண்டும். அது தெரியாது என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் வாட்டுவது மூன்றாவது விஷயம்தான், புரோக்கரே கையெழுத்திடுவது. உரிமையாளர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளை மாத வாடகைக்கு எடுத்து, அதையே வேறொருவருக்கு ஒத்திக்கு விட்டுப் பணத்தைச் சுருட்டும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 7 லட்சம் கொடுத்து இப்படி ஒரு வீட்டில் குடியேறினார். ஆறாவது மாதம் ஒரு காலையில் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர், “நீங்கள் யார்? என் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?” என்று அவரிடம் கேட்டார். தரகர் மாதம் 12,000 ரூபாய்க்கு அந்த வீட்டை எடுத்திருந்தார். முதல் மூன்று மாதம் வாடகையை ஒழுங்காக அனுப்பிவிட்டுப் பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டார். அந்த அம்மையாரிடம் இருந்தது தரகர் கையெழுத்திட்ட தாள் மட்டுமே. உரிமையாளரின் எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது என்பதால், சட்டத்தின் பார்வையில் அவர் அந்த வீட்டில் வாடகைதாரராகவே இல்லை. புகாரைக் கொண்டுபோன இடத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினார்கள். உரிமையியல் வழக்கு இன்னும் வாய்தாவில் நிற்கிறது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆகவே உரிமையாளர் தவிர வேறு எவரும் கையெழுத்திடக் கூடாது என்பதே பொதுவிதி. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லப்படுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உரிமையாளர் கொடுத்த பவர் பத்திரம், அதாவது பொது அதிகார ஆவணம், கையில் இருந்தால் அவருக்காக இன்னொருவர் கையெழுத்திடலாம். ஆனால் ‘பவர் இருக்கிறது’ என்று வாயால் சொன்னால் போதாது. மூலத்தை வாங்கிப் படியுங்கள். வீட்டைப் பராமரிக்கவும் வரி கட்டவும் அதிகாரம் தரும் பவர் வேறு, வாடகைக்கோ ஒத்திக்கோ விட்டுப் பணம் பெற்றுக்கொள்ள அதிகாரம் தரும் பவர் வேறு. இரண்டாவது வாசகம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர் என்றால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும். ஆகவே அவர் உயிருடன் இருக்கிறார் என்பதையும், அதை ரத்து செய்யவில்லை என்பதையும் காணொளி அழைப்பில் அவரிடமே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். பேசும்போது கையில் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். பணத்தைப் பவர் ஏஜென்டின் கணக்கில் போடாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாடு வாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுக்கும்போது வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது, தொகை சிறிதென்றாலும்கூட. ஒரு தணிக்கையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும்.

என் யோசனை, ஒத்தியை விட்டுவிட்டு மாத வாடகைக்கே வீடு தேடுங்கள் என்பதுதான். முன்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம், மாறாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தவிர. அந்தக் கடைசிச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் கேட்கிறார்கள். நீங்கள் கையெழுத்திட்டால் அது செல்லும், ஆகவே கையெழுத்திடாதீர்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் சீசன் பற்றிய வரி இருக்கிறதா என்று கூர்ந்து படியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாள் இரவுக்குச் சுற்றுலாப் பயணிகள் கொடுக்கும் தொகையைப் பார்த்தால் எந்த வீட்டுக்காரருக்கும் சபலம் வரும். ‘விருந்தினர் வந்தால் முன்பக்க அறையை ஒதுக்கித் தர வேண்டும்’, ‘சீசனில் இரண்டு மாதம் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்’ என்பது போன்ற வரிகள் ஆறாம் பக்கத்தில் ஒளிந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்காமல் அவர் உள்ளே வர முடியாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானது. வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுக்கலாம்.

கட்டட அனுமதியையும் கேளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2019-இல் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன. வீட்டுக்கென அனுமதி வாங்கிவிட்டு விடுதியாக நடத்துவதும் விதிமீறல்தான். குடியேறும் ஒருவர் எந்தக் கட்டடத்துக்கு அனுமதி உண்டு, எதன் மீது நடவடிக்கை நிலுவையில் உள்ளது என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து கேட்க வேண்டியிருப்பது அநியாயம். அந்த விவரம் எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும். அதுவரை வரைபட அனுமதி நகல், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது மூன்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மின் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கா வணிகத்துக்கா என்பது ரசீதிலேயே இருக்கும். வணிக இணைப்பு என்றால் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்காது. 2,000 வாட் அறைச் சூடேற்றியை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட் ஆகிவிடும். வீட்டு இணைப்பிலும் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். சூடேற்றி இல்லாமல் டிசம்பரில் உங்கள் வயதில் இருப்பது கடினம்.

வீட்டை மே மாதத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில் ஒரு நாள் போய், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை ஈரமானாலோ, சுவரில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, உங்கள் இருவரில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் அந்த வீடு வேண்டாம். கோடையில் தண்ணீர் லாரி வரும் அளவுக்குப் பாதை இருக்கிறதா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். போகும்போது காரில் போவதானால் வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அது இலவசம், எடுத்துத் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் தராதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை.

இன்றே புரோக்கரை அழைத்து, உரிமையாளரின் தொலைபேசி எண், பவர் பத்திரத்தின் நகல், வீட்டின் சர்வே எண் ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்றும் வந்தால் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். வராவிட்டால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.