இசிஜி நார்மல், நெஞ்சு மட்டும் அடங்கவில்லை

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 47 வயது, லாரி ஓட்டுகிறார். போன வருடம் தீவு விரைவுச்சாலையில் ஒரு மோட்டார்சைக்கிள்காரர் இவர் கண்ணெதிரே அடிபட்டு இறந்துபோனார். அன்றிலிருந்து தூக்கத்தில் கத்திக்கொண்டு எழுகிறார், அந்த வழியாக ஓட்டவே மறுக்கிறார், நெஞ்சை இறுக்குகிறது என்கிறார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு நார்மல் என்றார்கள். "எல்லாம் பிரமை, விபூதி பூசிக்கிட்டு வேலைக்குப் போ" என்கிறார் மாமியார். மனசில் பட்ட அடி இதயம் வரைக்கும் போகுமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போகும். விபூதி பூசட்டும், தப்பில்லை, ஆனால் பிரமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நோய் உள்ளவர்களுக்கு விபத்து முடிந்து மாதக்கணக்கானாலும் உடம்பு இன்னும் அந்தச் சாலையிலேயே நிற்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரந்து, நாடி எகிறி, ரத்த அழுத்தம் ஏறும். ஆரோக்கியமான இதய ரத்தக்குழாய் அந்த நேரத்தில் விரிந்துகொடுத்து அதிக ரத்தத்தை அனுப்பும். உள்சுவர் கெட்டுப்போன குழாய் விரியாது, சிலருக்குச் சுருங்கவே செய்யும். பெரிய குழாய்களில் அடைப்பே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இறுகினாலும் இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போகலாம். இதோடு தூக்கமின்மை, அதைச் சமாளிக்க சிகரெட், ராத்திரியில் இரண்டு பீர், நடையே இல்லாமல் ஸ்டியரிங் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

"சிகரெட்டுதான் காரணம், மனசு இல்லை" என்று யாராவது வாதாடினால் ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்கள் 562 பேரை எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 ஆண்டுகள் போலத் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிஎஸ்டி இருந்தவர்களில் 22.6 விழுக்காட்டினருக்கு இதய நோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9 விழுக்காடுதான். ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் பிடிஎஸ்டி இருந்த ஜோடிகளிலும் வித்தியாசம் கொஞ்சம் குறைந்ததே தவிர மறையவில்லை. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் அப்படித்தான். இதயத்தின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனிலும் அளந்தார்கள், பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு ஓட்டம் குறைந்த பகுதிகள் அதிகமாகத் தெரிந்தன. இதை வைத்து உங்கள் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தே தீரும் என்று பயந்துவிடாதீர்கள். இது ஆபத்தைக் கூட்டும் காரணம், அவ்வளவுதான்.

சரி, இசிஜி ஏன் நார்மல்? படுக்க வைத்து எடுத்த இசிஜி அந்த ஒரு நிமிடத்தைத்தான் காட்டும். உழைப்பு கூடும்போது ரத்தம் போதுகிறதா என்று பார்க்க டிரெட்மில் சோதனை இருக்கிறது. சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால், லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, ஓய்வில் ஒரு படமும் இதயத்தை வேகப்படுத்தி ஒரு படமும் எடுத்து ஒப்பிடும் ஸ்கேன் உண்டு. எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார், ஆனால் அவருக்கு முழுக் கதையும் தெரிந்தால்தானே! நம் ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் "கேஸ்தான் டாக்டர்" என்று ஆரம்பித்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். விபத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். இந்தத் தடவை நீங்களும் கூடவே போங்கள். விபத்து, கெட்ட கனவு, நெஞ்சு இறுக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். சர்க்கரை, கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள், தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருவது தெரிந்த விஷயம்.

மனசுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. விபத்தின் நினைவைப் பயிற்சி பெற்றவர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைதான் முதலில். அதற்கும் பலதுறை மருந்தகத்திலேயே கடிதம் கேட்கலாம். அவர் வர மறுத்தால் 1771 மனநல உதவி எண்ணுக்கு நீங்களாவது பேசுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் மட்டும் "இது மனசுதான்" என்று யாரும் தீர்ப்பு சொல்லாமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அவரே வண்டியெடுத்து ஓட்டிப் போக விடாதீர்கள்.

கேள்வி: இதயத்துக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். மனநல மருத்துவர் தரும் மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடலாமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: பெரும்பாலும் சாப்பிடலாம். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை மாரடைப்பு வந்தவர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த வகை மாத்திரைகள் ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும், சிட்டலோபிராம் போன்ற சிலது அளவு அதிகமானால் இதயத் துடிப்பின் லயத்தைக் குழப்பும். அதனால் இரண்டு டாக்டர்களிடமும் மாத்திரைப் பை முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மலம் கறுப்பாகப் போனால் உடனே சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.