கல்லடிப் பாலத்திலிருந்து 1919

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் கலைப்பிரிவு, வரலாறும் ஒரு பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்தான் எனக்கு வில்லங்கம். முதலாம் உலகப் போருக்கு ஐந்து காரணங்கள், வேர்சாய் உடன்படிக்கைக்கு ஆறு விளைவுகள் என்று ரியூசன் கொப்பியில் உள்ளதைப் பாடமாக்குகிறேன். ஒரு மாதத்தில் மறந்துபோகிறது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்ததெல்லாம் மட்டக்களப்பில் இருக்கிற எனக்கு எப்படி மனதில் நிற்கும்?

- ஒரு மாணவி

அன்பு மகளுக்கு,

நானும் அப்படிப் பாடமாக்கியவன்தான். அந்த ஐந்தில் மூன்றைக்கூட இப்போது ஒழுங்காகச் சொல்ல வராது.

பட்டணத்துக்கு வரும்போது கல்லடியைத் தாண்டித்தானே வருகிறீர்கள்? புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய இரும்புப் பாலம் 1924இல் வந்தது. லேடி மனிங் பாலம் என்று பெயர். அந்தச் சீமாட்டியின் கணவர் வில்லியம் மனிங் அன்றைய தேசாதிபதி. அதற்கு முன் சோமாலிலாந்தில் படை நடத்தினார், இன்று மலாவி எனப்படும் நியாசலாந்தை ஆண்டார், ஜமேக்காவை ஆண்டார், 1918 செப்டம்பரில் இங்கே வந்து சேர்ந்தார். நம் ஆசிரியர்கள் வாகரையிலிருந்து பொத்துவிலுக்கு இடமாற்றம் வாங்குவதுபோல அவர்களுக்குக் கண்டம் விட்டுக் கண்டம். ஏகாதிபத்தியத்துக்கு வரைவிலக்கணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

அவர் வந்து இரண்டு மாதத்தில் போர் முடிந்தது. சரி, அடுத்த ஆண்டை, 1919ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கலண்டரை எடுத்து நாள் நாளாகக் குறியுங்கள். மார்ச் 1, கொரியாவில் யப்பானிய ஆட்சிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து எகிப்து: போருக்குப் பிந்திய பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போய் நாட்டுக்காகப் பேச அனுமதி கேட்ட தலைவர் சாத் சக்லூலைப் பிரித்தானியர் மால்டாவுக்கு நாடுகடத்த, கெய்ரோ கொந்தளித்தது. ஏப்ரல் 13, அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. மே 4, பீஜிங் மாணவர்கள். சாண்டோங்கில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளைச் சீனாவிடம் கொடுக்காமல் யப்பானுக்குக் கொடுப்பதென்று பாரிஸில் முடிவானதுதான் கோபம். மே 19, துருக்கியத் தளபதி முஸ்தபா கமால் கருங்கடலோரச் சம்சுன் துறைமுகத்தில் போய் இறங்கினார். துருக்கியர் தங்கள் விடுதலைப் போரை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

எல்லாம் எண்பது நாளுக்குள். பாடநூலில் இவை ஐந்து அத்தியாயங்களில் கிடக்கும், ஒன்றின் முகத்தை மற்றது பார்க்காது. இவற்றை இணைக்கும் ஒரு நூல் உண்டு. 1918 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் போருக்குப் பின் வரவேண்டிய சமாதானத்துக்குப் பதினான்கு அம்சங்களை அறிவித்தார். இனங்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதாக அவை புரிந்துகொள்ளப்பட்டன. அவர் மனதில் இருந்தது பெரும்பாலும் போலந்து போன்ற ஐரோப்பிய இனங்கள். தந்தி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, கேட்டவர்கள் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் வில்சனே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். பஞ்சாபை எரிய வைத்தது, விசாரணையின்றிச் சிறைவைக்க அனுமதித்த ரௌலட் சட்டம். அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர்க் காயம் இருந்தது.

ஜூன் 28இல் ஜெர்மனியுடனான வேர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. சரியாக ஐந்து ஆண்டுக்கு முன் அதே நாளில்தான் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். சீனா கையெழுத்திடவில்லை. ஏன் என்று உங்கள் கலண்டரின் மே மாதத்தைப் பார்த்தாலே தெரியும், யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் கொழும்பில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானது. முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். அரசியல் சீர்திருத்தம் கேட்டு அவர்கள் மோத வேண்டியிருந்த தேசாதிபதி யாரென்று நினைக்கிறீர்கள்? நம் பாலத்துக்காரர்தான்.

இந்த ஒரு ஆண்டு பிடிபட்டால் முன்னே 1914க்கும் பின்னே பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய 1929க்கும் நீங்களே நடந்து போவீர்கள். அப்புறம், அந்த ரியூசன் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். பரீட்சையில் புள்ளி அந்த ஐந்து காரணங்களுக்குத்தான்.