ப்ராசசர் 3.2, திரையில் 0.8: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: குமுளியில் சிறிய போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், வீடியோ வேலைக்காகக் கம்பத்தில் பழைய கணினி ஒன்று வாங்கினேன். இன்டெல் ஐ5-4570, 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் ப்ராசசர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பெயர் சரியாக வருகிறது. வேகம் மட்டும் 798 மெகாஹெர்ட்ஸ். போட்டோஷாப் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போய் மின்சேமிப்பையெல்லாம் நிறுத்திவிடு என்கிறான் நண்பன். செய்யலாமா ஐயா?

பதில்: விற்றவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். சிபியு-இசட் காட்டும் அந்தப் பெயர் ப்ராசசருக்குள்ளேயே பதிந்திருப்பது. பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரைப்போல அதைக் கிழித்து மாற்ற முடியாது. பொருள் சரியானதுதான். நீங்கள் பார்த்த நேரம்தான் சரியில்லை.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகளைத் தினமும் பார்க்கிறீர்கள். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது என்ஜின் என்ன உறுமு உறுமுகிறது! அதே ஜீப் குமுளி செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது முனகிக்கொண்டு கிடக்கிறது. நிற்கிற வண்டியின் சத்தத்தை வைத்து அது மலையேறாது என்று யாராவது சொல்வார்களா? உங்கள் கணினி சும்மா இருந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது எளிய பெருக்கல். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ப்ராசசர் 32 மடங்காக்கினால் 3200, அதாவது உங்கள் 3.2 கிகாஹெர்ட்ஸ். வேலை இல்லையென்றால் மடங்கை 8 ஆக இறக்கிக்கொள்கிறது, 800 வந்துவிடும். அந்த 100 அச்சாக 100 ஆக இல்லாமல் 99.8 அளவில் ஓடுவதால் 798 என்று தெரிகிறது. சிபியு-இசட்டில் 'மல்ட்டிப்ளையர்' என்ற வரியில் இதை நேரில் பார்க்கலாம். மவுஸை இழுத்தாலே அந்த எண் துள்ளும்.

வேகத்தோடு வோல்டேஜும் இறங்குவதில்தான் லாபம் இருக்கிறது. ப்ராசசர் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடிக் குறையும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே 0.8 பெருக்கல் 0.8, அதாவது 0.64. வேகமும் கால் பங்காகிவிட்டால் 0.16. ஆறில் ஒரு பங்குக்கும் கீழே! உங்கள் ப்ராசசர் முழு வேலையில் 84 வாட் வரை எடுக்கக்கூடியது என்பதை நினைத்துக்கொண்டால் இது சின்ன மிச்சமில்லை. இன்டெல் இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர் வைத்து 2000-இல் லேப்டாப்புக்கான பென்டியம் 3-இல் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-இல் 'கூல் அண்ட் கொயட்' என்று வைத்தது. சூடு குறையும், விசிறிச் சத்தமும் குறையும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டதால் எனக்கு ஏஎம்டியின் பெயர்தான் பிடிக்கும்.

இப்போது சோதனை. சிபியு-இசட்டில் 'பெஞ்ச்' பக்கத்துக்குப் போய் 'ஸ்ட்ரெஸ் சிபியு' பொத்தானை அழுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். மடங்கு 32-க்குத் தாவ வேண்டும். அதற்கு மேலும் போகலாம். டர்போவில், அதாவது பாரம் வரும்போது குறித்த வேகத்தைத் தாண்டி ஓடும் வசதியில், இந்த ப்ராசசர் 3.6 வரை ஏறும். பத்து நிமிடம் ஓடவிட்டு அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நல்ல ப்ராசசர்.

ஏறிவிட்டுச் சரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு ஏலக்காய்க் கடையிலிருந்து என்னிடம் ஒரு கணினி வந்தது. பாரம் கொடுத்தால் ஒரு நிமிடம் 3.2, அப்புறம் 1.2, திரும்ப 2, திரும்ப 1.2 என்று ஊசலாடியது. வெப்பநிலை 98 டிகிரி. மூடியைத் திறந்தேன். ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்து கிடந்தது. புளோயரை வைத்ததும் கடை முழுக்க ஏலக்காய் வாசம். என் உதவியாளர் டீ கேட்டார். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. சுரண்டித் துடைத்துப் புதிதாகப் பூசிய பிறகு 65 டிகிரியைத் தாண்டவில்லை, வேகமும் இறங்கவில்லை. அங்கே வேகத்தைக் குறைத்தது மின்சேமிப்பு இல்லை. கருகிவிடாமல் இருக்க ப்ராசசர் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொண்டது.

நண்பர் சொன்னபடி பயாஸில் ஈஐஎஸ்டி (மேலே சொன்ன ஸ்பீட்ஸ்டெப்தான்), சி1இ என்ற மின்சேமிப்பு வசதிகள் இரண்டையும் நிறுத்தினால் திரையில் எப்போதும் 3.2 தெரியும். பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் வீடியோ ஒரு நிமிடம்கூட முன்னதாக முடியாது. வேலை வந்ததும் ப்ராசசர் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முழு வேகத்துக்குப் போய்விடுகிறது. அரை மணி நேர வேலையில் அந்தத் தாமதம் கணக்கிலேயே வராது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் சீக்கிரம் தீர்வதுதான் மிச்சம். பயாஸைத் தொடாதீர்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து 'மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்' 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் 99 என்று மாற்றியிருந்தால்கூட டர்போ வேலை செய்யாது. 'மினிமம்' 5 சதவீதத்திலேயே இருக்கட்டும்.

போட்டோஷாப் திறக்க இரண்டு நிமிடம் ஆவதற்கு இந்த 798 காரணமில்லை. அடுத்த முறை திறக்கும்போது டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற இடத்தைப் பாருங்கள். அது 100 சதவீதத்தில் அசையாமல் நின்று ப்ராசசர் பத்திலோ இருபதிலோ தூங்கினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்டுடிஸ்க். சுழலும் பாகமே இல்லாத, வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் விண்டோஸையும் போட்டோஷாப்பையும் போடச் சொல்லுங்கள். ஆல்பம் படங்கள் பழைய டிஸ்க்கிலேயே கிடக்கட்டும்.