சபை மண்டபத்தில் தங்கியிருக்கிறோம்: வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பது?

கேள்வி: மண்சரிவில் எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடு) இடிந்துவிட்டது. பதுளைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபை மண்டபத்தில் மற்றக் குடும்பங்களோடு இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது, மகளுக்கு எட்டு மாதம். மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் (அன்றைய நாள் சம்பளம்) இல்லை. பிள்ளைகளைத் தான் பார்ப்பதாகப் பாஸ்டர் அம்மா சொல்கிறார். விடலாமா? நாங்கள் சைவம். ஜெபத்தில் உட்கார வைப்பார்களோ என்று மாமியார் சங்கடப்படுகிறார்.

பதில்: விடலாம். ஆனால் அதற்கு முன், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்துக்கு வந்துவிட்டோம், இனி அங்கே விட முடியாது என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்காம்பராவைப் பொறுப்பாக நடத்தும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பயந்துபோன நாலு வயதுப் பையனுக்குப் பழகிய ஆயாம்மாவின் முகமே பாதி மருந்து.

பாதை உடைந்து அங்கே போக வழியில்லை என்றால், சரி, மண்டபம்தான். நல்ல மனசு மட்டும் போதாது. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு கொப்பியில் யார் விட்டது, எத்தனை மணிக்கு, யார் கூட்டிப் போகலாம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிவாரணம் கொடுக்க ஆள் மாறி ஆள் வரும் இடம் அது. "சித்தப்பா வந்திருக்கேன்" என்றதும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

சின்னவள் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. நிவாரணத்தில் பால்மாவும் போத்தலும் வந்தால் ஆசைப்படாதீர்கள். பல குடும்பம் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கும்போது போத்தலை யார் ஒழுங்காக அவிப்பது? வயிற்றோட்டம் அங்கேதான் தொடங்கும். காலையில் பாலைப் பீய்ச்சி, சுத்தமான கோப்பையில் மூடி வைத்துவிட்டுப் போங்கள். சாதாரண அறைச் சூட்டில் 4 மணித்தியாலம் கெடாது. கரண்டியால் கொடுக்கலாம். நடுவில் குழைத்த சோறும் பருப்பும். அப்புறம், ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டச் சட்டப்படி இடைவேளை உண்டு: தோட்டம் பிள்ளைக்காம்பரா வசதி கொடுத்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. கங்காணியிடம் கேட்டு வாங்குங்கள்.

சின்னவளுக்கு 9 மாதத்தில் சின்னமுத்துத் (தட்டம்மை) தடுப்பூசி இருக்கிறது. கிளினிக் கார்ட் மண்ணுக்குள் போயிருந்தால் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஜெபம் பற்றி: தங்க இடம் கொடுத்ததற்காக யாரும் உங்களை ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது. சமய சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. பாட்டுக்குக் கை தட்டினால் பிள்ளை சமயம் மாறிவிடாது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் முடிவு உங்களுடையது, பாஸ்டர் அம்மாவிடம் நேராகச் சொல்லலாம். மாமியாருக்கு உடம்பு முடியுமானால், பிள்ளை பார்க்கும் அந்த இரண்டு பேரில் ஒருவராக அவரையே போடுங்கள்.