வீட்டில் பாட்டு ஓடவிட எந்தக் கோப்பு நல்லது? கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி ஒன்றுதான்: ஒவ்வொரு பாட்டுக்கும் குறையாத, அதாவது ஒலியில் எதுவும் வெட்டப்படாத, மூலப் பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். போனுக்கும் டீவிக்கும் காருக்கும் வேண்டியதை அதிலிருந்து எப்போதும் எடுத்துக்கொள்ளலாம்.

கல்லடியிலிருந்து: அண்ணா, அப்பா சேர்த்த சீடிக்கள் முந்நூறு அளவில் இருக்கின்றன. கணினியில் எந்தக் கோப்பு வடிவத்தில் ஏற்றுவது: எம்பித்ரீயா, வேவா, ஃபிளாக்கா?

ஃபிளாக், தம்பி. சீடியில் இருப்பது இடது, வலது ஒலிக்குத் தனித்தனியே நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட். ஐந்து நிமிடப் பாட்டு வேவ் கோப்பாக 50 எம்பியைத் தாண்டும். ஃபிளாக் அதைப் பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ சுருக்கும், விரிக்கும்போது ஒரு பிட்கூட மாறாது. எம்பித்ரீ அப்படி இல்லை. காதுக்குத் தெரியாது என்று அது கணக்குப் போட்டதை வெட்டிவிடும், வெட்டியது திரும்ப வராது. வேவும் குறையாததுதான். ஆனால் இடம் தின்னும். பாடகர் பெயர், அட்டைப் படம் போன்றவற்றை அதில் எழுதினால் ஒரு மென்பொருள் வாசிக்கும், இன்னொன்று வாசிக்காது.

ஃபிளாக்கில் இன்னொரு நன்மை. மூல ஒலிக்கான சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கும். பல வருடம் கழித்துக் கோப்பு பழுதாகிவிட்டதா என்று அதை வைத்துச் சோதிக்கலாம். உங்கள் முந்நூறு சீடியும் 1 டெராபைட் டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் பிடிக்கும். ஏற்றுவதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி, வாசித்ததைத் திரும்பச் சரிபார்க்கிற மென்பொருளை எடுங்கள். கீறல் விழுந்த சீடிக்கு அது கட்டாயம்.

கல்முனையிலிருந்து: சேர், என்னிடம் இருப்பதெல்லாம் நொடிக்கு 128 கிலோபிட் எம்பித்ரீ. ஃபிளாக்குக்கு மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. கோப்புத்தான் பல மடங்கு பெருக்கும். அப்படியே வைத்திருங்கள், நல்ல மூலம் கிடைத்தால் அதைப் போடுங்கள். பென் டிரைவில் ஃபிளாக் என்று விற்கிறவற்றிலும் கவனம். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த உயரத்து ஒலி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம்) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டிய மாதிரி ஒன்றுமே இல்லாவிட்டால், எம்பித்ரீயிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஒலிப்பதிவுகளில் இயல்பாகவே மேல் சுரங்கள் குறைவு என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அம்பாறை நகரிலிருந்து: 320 கிலோபிட் எம்பித்ரீக்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் உண்மையில் கேட்குமா? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வாங்கலாமா?

பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான பாட்டில் கேட்காது, தங்கச்சி. ஃபிளாக்கை நான் சொல்வது காதுக்காக இல்லை. எம்பித்ரீயிலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு சேரும், ஃபிளாக்கிலிருந்து மாற்றினால் ஒரு முறையோடு நிற்கும்.

192 வேண்டாம். சீடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே (நொடிக்கு 44,100 மாதிரிகள்) 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியைத் தாங்கும், மனிதக் காது 20க்கு மேல் கேட்காது. ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள் என்றால் இன்னும் வீண்: அந்த வழியில் ஒலி எப்படியும் திரும்பச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: எனக்கு ஆண்ட்ராய்டு, மனைவிக்கு ஐபோன். அதற்காக எல்லாவற்றையும் அலாக்கில் வைக்க வேண்டுமா?

அவசியமில்லை. அலாக் ஆப்பிளின் குறையா வடிவம், 2011 முதல் அதுவும் திறந்த மூலம். ஃபிளாக்கிலிருந்து அதற்கும் திரும்பவும் மாற்றினால் ஒன்றும் இழக்காது. ஆப்பிளின் மியூசிக் செயலிதான் ஃபிளாக்கை ஏற்காது, விஎல்சி செயலி ஏற்கும். வீட்டில் ஜெலிஃபின் அல்லது நேவிட்ரோம் சேர்வரை (பாட்டுகளை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியிலோ போட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஃபிளாக்கை வாசிக்காத பழைய டீவிக்கும் அதுவே அந்த நேரத்தில் மாற்றி அனுப்பும்.

திருக்கோவிலிலிருந்து: வீட்டுக்குள் ஃபிளாக் ஓடவிட்டால் டேட்டா பக்கேஜ் முடிந்துவிடுமா?

ஒரு எம்பிகூடப் போகாது. கணினியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து ஸ்பீக்கர், இணையத்துக்கே போவதில்லை. வெளியூரில் இருந்து வீட்டுச் சேர்வரைத் திறந்தால்தான் செலவு. அப்போது சேர்வரில் ஓபஸ் (எம்பித்ரீ போல வெட்டிச் சுருக்கும் வடிவம்) 128 கிலோபிட் என்று அமைத்துவிடுங்கள், மணிக்கு 60 எம்பிக்குள் நிற்கும். ஃபிளாக் என்றால் அதே ஒரு மணிக்கு 400 எம்பி அளவில் போகலாம்.

பாட்டு விட்டுவிட்டு வந்தால் கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஃபிளாக்குக்கு நொடிக்கு 1 மெகாபிட் அளவே போதும். இரண்டு சுவருக்கு அப்பால் வைஃபை நலிந்திருக்கும், சேர்வரை ரவுட்டரோடு கேபிளால் இணைத்துப் பாருங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: எங்கள் பெரியப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் கசெட்டில் இருக்கின்றன. எந்த வடிவத்தில் ஏற்றுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். இந்தக் கசெட் அழிந்தால் உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

முதலில் நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள், கைப்பழக்கம் உள்ளவர் துப்புரவாக்கட்டும். நல்ல கசெட் டெக் ஒன்றில், நாடாவை வாசிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகாமல், லைன் இன் உள்ள சிறிய யூஎஸ்பி ஒலிப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். இங்கே 24 பிட்டுக்கு வேலை இருக்கிறது. மத்தளத்தில் ஓங்கி ஒரு அடி விழும்போது மட்டம் எகிறும், அதனால் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி தாழ்த்திப் பதிய வேண்டும். அப்படித் தாழ்த்தினாலும் 24 பிட்டில் மெல்லிய ஒலி கெடாது.

மூலப் பிரதியில் இரைச்சல் நீக்கம் செய்யாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து சதங்கை ஒலியும் போய்விடும். சுத்தம் செய்வதை ஒரு நகலில் செய்யுங்கள். குறைந்த கிலோபிட்டில் எம்பித்ரீ ஆக்கினால் முதலில் கெடுவதும் தாளமும் சதங்கையும்தான். மத்தள அடியின் கூர்மையும் மழுங்கும். ஆட்டக்காரரின் கால் எங்கே விழுந்தது என்று பிள்ளைகள் கேட்டுப் படிக்க வேண்டிய இடம் அது.

கசெட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபிளாக் கோப்பு. யார் பாடினார், எந்த ஊர்க் களரி (கூத்தாடும் இடம்), எந்த வருடம் என்பதைப் பெரியப்பாவிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்கள் செயலியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகின்றன. ஏன்?

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியிருப்பார்கள். அது எழுத்துருவை வைத்துத் தமிழாகக் காட்டும் முறை, எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, எம்பித்ரீடேக் மென்பொருளால் மொத்தமாகத் திருத்தலாம். பழைய எம்பித்ரீக்களில் ஐடித்ரீ முதல் பதிப்பு டேக் (பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரக் குறிப்பு) இருந்தால் நீக்கிவிடுங்கள், அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஃபிளாக்கில் டேக் எப்போதும் யூனிகோட்தான்.

ஏறாவூரிலிருந்து: எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. போதுமா?

போதாது. மாரியில் வெள்ளம் வருகிற ஊரில் இருக்கிறோம். கரண்ட் போய் வரும்போது டிஸ்க் போன கதையும் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்து, மேட்டு நிலத்தில் இருக்கிற உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். புதிய பாட்டு சேர்ந்ததும் அதைக் கொண்டுவந்து புதுப்பியுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பெரிய டிஸ்க் ஒன்றை விட்டுச் சிறிய டிஸ்க் இரண்டு வாங்குங்கள்.